கோணமலைத் துறையிலே ஒரு சோடாக் கடை

கடல் தன் ஓயாத அலைச்சலை விடுத்து நிலத்தினுள்ளே புகுந்து இளைப்பாறும் இடம் ஒன்றை ஈழநாட்டிற் காண விரும்புவோர் திருகோணமலைக்குச் செல்லல் வேண்டும். உள்துறைமுகத்தின் கரையிலே நின்று நோக்கினால், எதிரே விரிவது கடலா, ஏரியா என்று கண் மயங்கும். சுற்றிலும் காடடர்ந்த குன்றுகள். இடையிடையே பச்சைத் திட்டுகளாய்ச் சிறு தீவுகள். கரைக்கு அணித்தாகவே பெருங் கப்பல்கள் வந்து நிற்கத்தக்க ஆழம். உலகத்து இயற்கைத் துறைமுகங்களுள் மிகப் பெரியனவற்றுள் இதுவும் ஒன்றென்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இதனை விரும்பி வந்தோர் பலர். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே 1624ஆம் ஆண்டளவிற் கோட்டை கட்டினர். 1639ல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயர் கையிலும், பின் பிரெஞ்சுக்காரர் கையிலும் அது மாறிற்று. 1795ல் மீண்டும் வந்த ஆங்கிலேயர், நாடு விடுதலை பெற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1957 ஒக்டோபரிற் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துச் சென்றனர்.

இத்துறையைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதனைப் பிடித்தவர்களைப் பற்றியே எழுதியிருக்கின்றனர். நாம் இங்கு எழுதப் புகுவதோ ஒரு போர்வையைப் பற்றி. வாசக அன்பர்கள் நகையாதிருப்பார்களாக.

வெயிலுக்குப் பேர்போன கோணமலையிலே போர்வைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், அவ்வூரை மார்கழியிற் கண்டறியாதவர்கள். வடகீழ்ப் பருவக் காற்று குடாக்கடலிலிருந்து மழையைத் தூக்கி வந்து ஊரின்மேற் கொட்டும் காலம் அது. கல்லோயாச் சந்தியிலிருந்து புகைவண்டி காட்டினூடே ஊர்ந்து, சீனக்குடாவைக் கடந்து நகரை அடைந்தபோது, நாமும் எம் இல்லாளும் மகளும் நனைந்த கோழிகள் போலவே இறங்கினோம். நாம் தங்கிய வீட்டிலே அன்புக்குக் குறைவில்லை, கம்பளிக்குத்தான் குறைவு. எனவே மறுநாட் பகலிலே, மழை சற்று ஓய்ந்த வேளை பார்த்து, பிரதான வீதியிலே நடைபாதை வணிகர் ஒருவரிடம் சென்றோம்.

அவர் கயிற்றிலே தொங்கவிட்டிருந்த போர்வைகளில் புலியும் மயிலும் ரோசாமலரும் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறுவகையானது. அதன் அகலம் முழுவதும் ஒரு பழைய புகைப்படம் அச்சிடப்பட்டிருந்தது. நீண்டதொரு சலவைக்கல் மேடை. அதன்மேல் அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்த பளபளப்பான குழாய்கள். பின்னே பெருங் கண்ணாடி. அதன் இருமருங்கிலும் வண்ணப் பாகு நிறைந்த சாடிகள். மேடையின் முன்னே ஒற்றைக் காலில் நிற்கும் வட்ட இருக்கைகள் ஒரு வரிசை. ஆனால் அவ்விருக்கைகளில் ஒருவரேனும் அமர்ந்திலர்.

“சேர், தொட்டுப் பாருங்க, பூனைக்குட்டி மாதிரி இருக்கும்” என்றார் வணிகர். உண்மைதான், அத்துணை மென்மை.

“இது என்ன கடை அப்பா? மருந்துக் கடையா, சாராயக் கடையா?” என்று எம் மகள் வினவினாள். நாம் வாய் திறக்குமுன் வணிகரே விடை பகர்ந்தார்: “அது அந்தக் காலத்து வெள்ளைக்காரன்ட தேத்தண்ணிக் கடை, மகள்.” இல்லாள் விலை பேசினாள், பேசிப் பேசி, வணிகர் சொன்னதற்கும் தான் நினைத்ததற்கும் நடுவிலே ஓரிடத்தில் முடித்தாள். மருந்துக் கடையா, சாராயக் கடையா என்ற வினா மட்டும் எம்முடன் வீடுவரை வந்தது. அது மிகச் சரியான வினா என்பது மகளுக்குத் தெரியாது.

அப்படத்திலுள்ளதை அமெரிக்கர் ‘சோடா பவுண்டன்’ என்பர். சோடா ஊற்று என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஊற்று என்ற பெயர் வீணாக வந்ததன்று. ஐரோப்பாவிலே சில மலையூற்றுக்களின் நீர் தானாகவே குமிழியிட்டுப் பொங்கும். அது பிணி தீர்க்கும் என்று நம்பிச் செல்வர்கள் அங்கே சென்று தங்கிப் பருகினர். 1767ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே பிரீஸ்ட்லி என்னும் பாதிரியார், அயலிலிருந்த மதுவடிசாலையின் தொட்டிமீது தங்கி நின்ற வாயுவை நீரிலே கலந்து, அக்குமிழி நீரைத் தம் கையாலேயே ஆக்கினார். 1772ல் அம்முறையை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அவர் கருதிய பயன் இன்பமன்று, மருந்து. நெடுங்கடற் பயணத்திலே மாலுமிகளின் முரசு அழுகிப் பல் உதிரச் செய்யும் ஸ்கர்வி என்னும் நோயை இந்நீர் தடுக்கும் என்று அவர் எண்ணினார். ஆங்கிலக் கடற்படையும் அதிலே நாட்டங் கொண்டது. அவ்வாண்டு கப்பல் ஏறிய குக் என்னும் புகழ்பெற்ற கடலோடியின் இரண்டாம் பயணத்துக்கும் அம்முறை பரிந்துரைக்கப்பட்டது. நோய் அதனால் தீரவில்லை. அதனைத் தீர்ப்பது தேசிக்காய் போன்ற புளிப்புக் கனிகளே எனப் பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் சோடாவை முதலில் நாடியோருள் கப்பற்காரரும் இருந்தனர் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்திருக்கலாம்.

பின்னர் 1832ல் நியூயோர்க் நகரிற் குடியேறிய ஜோன் மத்தியூஸ் என்பவர், சலவைக்கற் துகள்மீது கந்தகாமிலத்தை ஊற்றி, எழும் காபனீரொட்சைட்டு வாயுவை நீரில் ஏற்றும் கருவிகளைச் செய்து விற்றார். அவற்றை வாங்கி வைத்தவர்கள் பெரும்பாலும் மருந்துக் கடைக்காரர்களே. கசப்பு மருந்தைக் குமிழி நீரிலும் பாகிலும் கலந்து கொடுத்தால் நோயாளி முகஞ் சுளியான் அல்லவா? இன்று உலகமெங்கும் ஓடும் கொக்கா கோலாவும் 1886 மே மாதம் அட்லாண்டா நகரத்து மருந்துக் கடை ஒன்றின் சோடா மேடையிலேதான் முதலில் விற்கப்பட்டது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலத்திலே, மதுக்கடையை இழந்தவர்கள் கூடியிருந்து பேசுவதற்கு இம்மேடைகளே இடமாயின. எனவே எம் மகளுக்கு நாம் சொன்ன விடை: மருந்துக் கடையாகப் பிறந்து, சாராயக் கடையின் இடத்தைப் பிடித்த கடை.

ஊற்று என்ற சொல் வந்த பின் கன்னியாவைச் சொல்லாமற் போவது முறையன்று. நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தொலைவிலே, அநுராதபுர வீதியை விட்டுச் சற்று உட்சென்றால், அருகருகே ஏழு சிறு கிணறுகள். ஏழிலும் வெந்நீர், ஒன்றின் வெம்மை மற்றொன்றினது அன்று. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றுவதற்காகத் தோன்றிய ஊற்றுக்கள் இவை என்பது கர்ணபரம்பரைக் கதை. இறந்தோருக்குக் கடன் செலுத்த இன்றும் மக்கள் அங்கு வருகின்றனர். மார்கழி மழையிலே அவ்வெந்நீரை வாளியால் அள்ளித் தலையிலே வார்த்துக்கொள்ளும் சுகத்துக்கு நிகரானதை எவ்வூர்ச் சலவைக்கல் மேடையும் தந்திருக்கமாட்டாது என்பது எம் துணிபு. மகள் ஏழு கிணற்றையும் தொட்டுத் தொட்டு வரிசைப்படுத்த முயன்று, ஐந்தாவதிலே கணக்கைக் கைவிட்டாள்.

இனிப் போர்வைக்கு மீள்வோம். அன்றிரவு அதனைக் கூடத்திலே விரித்தபோது, வீட்டுப் பெரியவர் அருகே வந்தார். எண்பது கடந்தவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குழாய்களின் மேல் விரலை ஓட்டினார்.

“மாஸ்டர், இது கப்பலுக்குள்ள இருந்த கடையெல்லோ” என்றார்.

நாம் வியப்புற்றோம், ஆயினும் அவர் கூற்றிலே பொருளுண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவிலே எண்ணெய்த் தொட்டி ஒன்றின்மேல் விமானம் ஒன்று விழுந்து வெடித்தது. உருக்குலைந்த அத்தொட்டியின் எச்சம் இன்றும் காட்டப்படுகிறது. அதன்பின் ஆபிரிக்கக் கரைக்கு விலகிய ஆங்கிலக் கீழைக் கடற்படை, 1944ன் தொடக்கத்திலே மீண்டும் இத்துறைக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் அதனுடன் சேர அமெரிக்காவின் மாபெரும் விமானந்தாங்கிக் கப்பலான சரட்டோகா மூன்று துணைக் கப்பல்களுடன் இங்கு வந்தடைந்தது. ஏப்ரல் 19ல் சுமாத்திராவின் வடக்கேயுள்ள சபாங்கையும், மே 17ல் யாவாவின் சுரபாயாவையும் இரு நாட்டுக் கப்பல்களும் கூடித் தாக்கின.

இரு நாட்டாரின் கப்பல்களும் பானத்திலே நேர்மாறானவை. ஆங்கிலக் கப்பல்களில் மாலுமிக்கு நாள்தோறும் ரம் அளந்து கொடுக்கப்பட்டது. அவ்வழக்கம் 1970 யூலை 31 வரை நீடித்தது. அமெரிக்கரோ 1914 யூலை 1 முதலே தம் போர்க்கப்பல்களில் மதுவை விலக்கியவர்கள். மதுவை எடுத்துவிட்ட இடத்திலே ஐஸ்கிரீமையும் சோடாவையும் வைத்தார்கள். அவர்தம் பெருங் கப்பல்களில் சோடா மேடை ஒரு வழக்கமான உறுப்பாயிற்று. எம் துறையின் நடுவே சோபர் தீவு என்று ஒரு தீவு உண்டு. ‘மது மயக்கம் இல்லாதவன்’ என்று ஆங்கிலத்திலே பொருள்படும் சொல் அது. அத்தீவுக்கு அருகே இவ்விரு கடற்படைகளும் ஒன்றாய் நங்கூரமிட்டிருந்ததை எண்ணும்போது சிறிது நகை வாராமற் போகாது.

பெரியவர் கூறிய கதை வேறு. அக்காலத்திலே அவர் தந்தையார் கப்பல்களுக்குக் காய்கறி மூட்டை ஏற்றும் கூலித் தொழிலாளி. ஒருநாள் அமெரிக்கக் கப்பல் ஒன்றிலே மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்புகையில், இத்தகைய குழாய் மேடை ஒன்றைக் கண்டாராம். வெண்தொப்பி அணிந்த மாலுமி ஒருவன் அவரைக் கைகாட்டி அழைத்து, கடதாசிக் கிண்ணமொன்றில் ஐஸ்கிரீம் வைத்துக் கொடுத்தானாம். தந்தையார் அதனை உண்ணவில்லை. துண்டிலே பொதிந்து, படகேறி, கரை சேர்ந்து, வெயிலிலே வீடுவரை நடந்து வந்து, ஐந்து வயது மகனிடம் கொடுத்தார். கிண்ணத்துள்ளே எஞ்சியது வெதுவெதுப்பான இனிப்புப் பால்.

“நான் குடிச்சன், மாஸ்டர். அப்பா பக்கத்தில இருந்து பாத்தவர். ஐஸ் எண்டு சொன்னாங்களாம், இது சுடுதே எண்டு அவருக்குக் கவலை.” சிறிது நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, “அந்தப் பெடியன் நல்லவன். ஆனா இருக்கச் சொல்லயில்ல. அப்பா நிண்டபடிதான் வாங்கினவர்” என்றார்.

வெறுமையாய்க் கிடந்த அவ்வட்ட இருக்கைகளை நாம் அப்போதுதான் மீண்டும் பார்த்தோம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மட்டுமன்றி வேறு பல நகரங்களிலும் நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்கள், இம்மேடைகளிலே காசு கொடுத்து வாங்கலாம், அமர்ந்து பருகலாகாது. வாங்கிய பொருளைக் கடதாசிக் கிண்ணத்திலே எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். 1958 யூலையிலே கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில், டொக்கம் மருந்துக் கடையின் மேடை முன்னே மாணவர் சிலர் ஓசையின்றி வந்து அமர்ந்தனர். அவர்களுக்கு ஒன்றும் தரப்படவில்லை. மறுபடியும் வந்து அமர்ந்தனர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் இவ்வாறு நடந்தபின் கடைக்காரர் இணங்கினர். ஓகஸ்ட் மாதத்தில் ஒக்லகோமா நகரிலும் பிள்ளைகள் அவ்வாறே செய்தனர். 1960 பெப்ரவரி 1ல் வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோவிலே கல்லூரி மாணவர் நால்வர் வூல்வேத் கடையில் அமர்ந்த பிறகே உலகம் இதனைக் கவனித்தது. கையில் ஆயுதமில்லை, வாயிலே வசையில்லை, செய்தது இருக்கையில் இருந்தமை ஒன்றே.

இதனைக் கேட்டு நம்மவர் அமெரிக்கரை இகழ்ந்து பேசப் புகுவாராயின், நம் ஊர்த் தேநீர்க் கடைகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளல் நன்று. யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டோருக்குச் சிரட்டையிலும் தகரப் பேணியிலும் தேநீர் வார்த்து வெளியே நிறுத்திக் கொடுத்த காலம் மிகத் தொலைவிலுள்ளதன்று. அங்கும் ஐம்பதுகளிலே மக்கள் கடைகளினுள் புகுந்து அமரப் போராடினர். சாதி காரணமாகக் கடையிலும் உணவகத்திலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய 21ஆம் இலக்கச் சட்டம் 1957ல் வந்தது. விச்சிற்றாவின் பிள்ளைகள் அமர்வதற்கு ஓராண்டு முன்னர். சட்டம் வந்த பின்னும் பல கடைகளிலே பேணி மறையவில்லை. கூடத்திலிருந்தோர் இதனைப் பற்றிப் பேசவில்லை. பெரியவர் மட்டும் “ஓம்” என்றார்.

எல்லாச் சோடாவும் மேடையிலே பிறந்ததன்று. 1872ல் கொட் என்னும் ஆங்கிலேயர் கழுத்திலே கண்ணாடி உருண்டை அடைக்கும் போத்தலுக்கு உரிமம் பெற்றார். தமிழகத்தார் கோலிச் சோடா என்று இன்றும் விரும்பிக் குடிப்பது அதுவே. நம் நாட்டிலே 1866ல் தொடங்கிய கொழும்பு ஐஸ் கம்பனி, பிற்காலத்தில் யானைச் சின்னத்தோடு சோடாவையும் இஞ்சிப் பானத்தையும் ஊரூராய் அனுப்பிற்று. போத்தலுக்கு ஒரு நற்குணம் உண்டு. வீதியோரத்திலும் குடிக்கலாம், கோயில் வீதியிலும் குடிக்கலாம், இருக்கை வேண்டியதில்லை.

மறுநாட் காலையிலே நாம் கோணேசர் கோயிலுக்குச் சென்றோம். 1963ல் மீண்டும் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. கோட்டையினுள்ளே இராணுவம் இருக்கிறது. அவ்வாயிலாற் புகுந்து, மரநிழலில் மேயும் மான்களைக் கடந்தே மலையுச்சியை அடைதல் வேண்டும். உட்துறையின் கரையிலே பெரும்பகுதி கடற்படைத் தளம். அங்கு அனுமதியின்றி எவரும் புகலாகாது. 1983ன் பின்னரான நீண்ட போர்க்காலத்திலோ மீனவருக்குக் கடலே கட்டுப்பாடாகிவிட்டது. 2009ன் பின்பே வலைகள் தடையின்றி விரிந்தன. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தொட்டிகளும் 2022 சனவரி ஒப்பந்தத்தின்படி 14, 61, 24 என மூன்று பங்காயின: முதலாவது இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு, இரண்டாவது இரு நாட்டுக் கூட்டு முயற்சிக்கு, மூன்றாவது இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. உலகின் கப்பல்களுக்கெல்லாம் மேடை விரித்த துறை இது. அவ்வூரிற் பிறந்தவரோ பெரும்பாலும் நின்றபடியே அதனைப் பார்த்து வந்திருக்கின்றனர்.

மாணவர்க்காக இன்னும் ஒன்று சொல்லல் வேண்டும். இப்போர்வை ஆட்டுமயிரும் அன்று, பருத்தியும் அன்று. 1941ல் விவின்பீல்ட், டிக்சன் என்னும் இரு ஆங்கில இரசாயனிகள் கண்டறிந்த பொலியெஸ்டர் இழை இது. இழையைப் பின்னி, முட்கம்பித் தூரிகையால் மேற்பரப்பைக் கிளறி விட்டால் பூனைக்குட்டியின் மயிர் வந்துவிடும். 1979ல் அமெரிக்க ஆலை ஒன்று இத்தகைய துணியை உருவாக்கியது. படம் ஏறும் விதமோ நம் பூசையறையிலேயே உள்ளது. கற்பூரம் உருகாமலே ஆவியாகிறதன்றோ? அதனைப் பதங்கமாதல் என்பர். கடதாசியிலே அச்சிட்ட சாயத்தைத் துணிமேல் வைத்து ஏறக்குறைய 200 பாகை வெப்பத்தில் அழுத்தினால், சாயமும் அவ்வாறே ஆவியாகி இழையினுட் புகுந்து தங்கும். ஆதலால் எத்துணை முறை துவைத்தாலும் அச்சலவைக்கல் மேடை எளிதில் அழியாது. இன்றைய சோடாப் போத்தல் எதனால் ஆயதோ அதனாலேயே இவ்விழையும் ஆயது. 1993 முதல் பழைய போத்தல்களை உருக்கி இத்தகைய துணி நெய்து விற்கின்றனர்.

அன்று மாலை மழை விட்டிருந்தது. ஒல்லாந்தர் குடாக் கரையிலே ஊரார் பலரும் கூடியிருந்தனர். கச்சான் விற்போர், பட்டம் விடுவோர், ஈரமணலிலே ஓடும் குழந்தைகள், பிளாஸ்டிக் கதிரைகளை அலைக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டு இஞ்சிச் சோடா பருகும் குடும்பங்கள். எல்லாச் சமயத்தாரும் அங்கிருந்தனர். யார் எதில் அமர்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியவருக்கும் ஒரு கதிரை கிடைத்தது. எம் மகள் ஐஸ்கிரீம் வாங்கி வந்து கொடுத்தாள். அது உருகுமுன்னே அவர் அதனை உண்டு முடித்தார்.

அலை ஒதுக்கிய வெற்றுப் போத்தல்களை ஒருவர் சாக்கிலே சேர்த்துக்கொண்டு சென்றார். நிறுத்துக் காசாக்குவாராம். அவை எங்கே போகும் என்று வினவினோம்.

“கொழும்புக்கு லொறி வரும் ஐயா. அதுக்குப் பிறகு தெரியாது” என்று கூறி, எம் இல்லாளின் காலடியிலே கிடந்த போத்தலையும் குனிந்து எடுத்துக்கொண்டார்.